ஜப்பான் ஸ்விட்ச் 2 விலை கம்மியா இருக்கே, நம்மூர்ல ஓடுமா?

மன்னை மாப்ள | டிசம்பர் 6, 2025

எல்லாருக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்காரர் ஒசாகால வேலை பாக்குறார், பொங்கலுக்கு ஊருக்கு வர்றார். என்ன வேணும்னு கேட்டார், நிண்டெண்டோவோட கேம் கன்சோல் ஸ்விட்ச் 2ன்னு சொல்லிட்டேன். அங்க 49,980 யென். நம்ம காசுக்கு 29,000 பக்கம்தான் வருது. இங்க பர்மா பஜார், ஆன்லைன்னு எங்க விசாரிச்சாலும் அந்த விலைக்குப் பக்கத்துலகூட வர மாட்டேங்குறாங்க.

இப்ப சந்தேகம். அங்க கரண்டே 100 வோல்ட்தானாமே, நம்ம வீட்டு பிளக்ல சொருகினா புகை வந்துருமா? இங்க வாங்குற கேம் கார்டு அதுல ஓடுமா? என்கிட்ட ஏற்கெனவே பழைய ஸ்விட்ச் இருக்கு, அமெரிக்கா அக்கவுன்ட்ல டிஜிட்டலா வாங்கின கேம் நிறைய கிடக்கு. அதெல்லாம் இதுல இறங்குமா? அத்தான் கேம் பக்கமே போகாத ஆளு. "கடைக்காரன் எது குடுக்குறானோ வாங்கிட்டு வரேன்"ங்குறார். அதான் கலக்கமா இருக்கு.

ஜாய்ஸ்டிக் ஜமால் | டிசம்பர் 6

கண்ணை மூடிட்டு வாங்குங்க ப்ரோ. ஸ்விட்சுக்கு ரீஜன் லாக்கே (நாட்டுக்கு நாடு போடுற பூட்டு) கிடையாது. என்னோடது ஜப்பான் பீஸ்தான். முதல் தடவை ஆன் பண்றப்பவே இங்கிலீஷ் தேர்ந்தெடுத்துட்டேன், அமெரிக்கா கார்டு, யூரோப் கார்டு எதைப் போட்டாலும் ஓடுது.

கண்ட்ரோலர் கருப்பசாமி | டிசம்பர் 6

ஜமால் பாய் சொல்றது பழைய ஸ்விட்சுக்கு நூத்துக்கு நூறு. ஸ்விட்ச் 2க்கு அப்படியே சொல்லாதீங்க பாய், மனுஷன் 29,000 ரூபாயை முடக்கிட்டு முழிப்பார்.

2025 ஜூன் 5ல ஸ்விட்ச் 2 வந்தப்ப ஜப்பான்ல மட்டும் ரெண்டு மாடல் விட்டாங்க. 2025ல 49,980 யென்னுக்கு வித்தது ஜப்பான் மொழி மட்டும் உள்ள உள்நாட்டு மாடல். பல மொழி உள்ளது 69,980 யென். மாப்ள சொல்ற விலை முதல் மாடலோடது. அதுல மெனு முழுக்க ஜப்பான் மொழி, செட்டிங்ஸ்ல போய் மாத்தவே முடியாது. அதையாவது பழகிக்கலாம், எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு ரெண்டு வாரத்துல கைக்குப் புரிஞ்சுரும். பெரிய சிக்கல் அக்கவுன்ட். நாடு ஜப்பான்னு போட்டிருக்கிற நிண்டெண்டோ அக்கவுன்ட்டை மட்டும்தான் அது ஏத்துக்கும். உங்க அமெரிக்கா அக்கவுன்ட்டை வாசல்லயே நிறுத்திரும்.

யென் மதிப்பு விழுந்து கிடக்கு. உள்ளூர் ஆளுக்குக் கட்டுப்படியாகுற விலையில குடுக்கணும், வெளியூர்க்காரன் பெட்டி பெட்டியா அள்ளிட்டும் போகக் கூடாது. அதுக்குப் போட்ட பூட்டு இதுன்னுதான் எனக்குப் படுது. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற அத்தான்மாரைத்தான் மனசுல வச்சிருக்காங்க போல.

பல மொழி மாடலை வாங்கினா 40,000 ரூபாய் சொச்சம். அமெரிக்காவுல 2025ல 449.99 டாலர், அதுவும் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது. அப்ப ஜப்பான்ல வாங்குறதுல லாபம் எங்க இருக்கு? போதாக்குறைக்கு அந்த மாடலைச் சாதாரணக் கடையில வைக்கிறதில்ல. நிண்டெண்டோவோட சொந்த ஆன்லைன் ஸ்டோர்லதான் விக்கிறாங்க. உங்க அத்தான் ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள்ள போய் "ஸ்விட்ச் 2 குடு"ன்னா கைக்கு வர்றது ஜப்பான் மொழி மாடல்தான்.

ஜாய்ஸ்டிக் ஜமால் | டிசம்பர் 6

அடப்பாவிகளா, இப்படிப் பிரிச்சுட்டாங்களா! சரி, அக்கவுன்ட்ல நாட்டை ஜப்பான்னு மாத்திட்டா? நிண்டெண்டோல அது ரெண்டு நிமிஷ வேலைதானே. வாங்கின கேம் அக்கவுன்ட்டோடதான இருக்கும்.

கண்ட்ரோலர் கருப்பசாமி | டிசம்பர் 7

மாத்தலாம். நிண்டெண்டோவோட ஆன்லைன் கேம் கடையான ஈஷாப்ல பாக்கிக் காசு இருந்தா மாத்த விடாது, அதைத் தீர்த்துட்டு மாத்தணும். ஏற்கெனவே வாங்கினதைத் திரும்ப இறக்கிக்கலாம். ஆனா அடுத்த கேம் எப்படி வாங்குவீங்க? 2025 மார்ச் 25ல இருந்து ஜப்பான் ஈஷாப் வெளிநாட்டு கிரெடிட் கார்டையும் பேபாலையும் எடுக்கிறதில்ல. அத்தான் அங்க கடையில பிரீபெய்டு கார்டு வாங்கி, நம்பரைச் சுரண்டி வாட்ஸப்ல அனுப்பணும். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் அவரைத் தொந்தரவு பண்ணா அக்காகிட்டதான் திட்டு விழும்.

இன்னொன்னு. கேமுக்குள்ளயே மொழி மாத்துற வசதி இருந்தா இங்கிலீஷ்ல ஆடலாம். கன்சோல் மொழியைப் பார்த்து ஓடுற கேம்னா ஜப்பான் மொழிதான். மரியோ கார்ட்டுக்கு மொழியே வேண்டாம். நாப்பது மணி நேரம் வசனம் படிச்சு ஆடுற கதை கேம், அதான் ஆர்பிஜின்னா யோசிச்சுக்கோங்க.

சோனியோட பிளேஸ்டேஷன் 5, அதான் பிஎஸ்5லயும் இதே கதை வந்தாச்சு, கவனிச்சீங்களா? 2025 நவம்பர் 21ல ஜப்பான்ல மட்டும் ஜப்பான் மொழி டிஜிட்டல் மாடல் விட்டிருக்காங்க. 55,000 யென். அதுவும் ஜப்பான் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான். "டோக்கியோல பிஎஸ்5 சல்லிசு"ன்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா முதல்ல மாடல் பேரைப் படிங்க.

ஷார்ட் சர்க்யூட் சண்முகம் | டிசம்பர் 7

கரண்ட் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. என் பொழைப்பே அதுதான், நான் சொல்றேன்.

எந்த நாட்டுப் பெட்டின்னு பார்க்காதீங்க, அடாப்டரைத் திருப்பி அதுல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருந்தா உலகத்துல எங்க வேணாலும் சொருகலாம், கன்வெர்ட்டர் தேவையே இல்ல. ஸ்விட்ச் அடாப்டர் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ் கன்சோல்லயும் அப்படித்தான். இந்த ரெண்டு எக்ஸ்பாக்ஸுக்கும் பிஎஸ்5க்கும் வெளிய அடாப்டர் கிடையாது, பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க.

100-127ன்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 230ல சொருகவே கூடாது. அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360ஓட அந்தச் செங்கல் சைஸ் அடாப்டர் அந்த ரகம். முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட அடாப்டரும் அதே. நிண்டெண்டோவோட பழைய கன்சோல் வீ (Wii), வீ யூ (Wii U) ரெண்டுலயும் நாட்டுக்கு நாடு தனி அடாப்டர். பழைய குண்டு பிஎஸ்2ல சப்ளை உள்ளயே இருக்கு, அமெரிக்கா பீஸ் 120க்கு மட்டும்.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. அடாப்டர் வெளிய இருந்தா கன்சோலுக்குள்ள போறது சின்ன டிசி வோல்டேஜ்தான். எக்ஸ்பாக்ஸ் 360ன்னா 12 வோல்ட். அதனால வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தேடி அலையாம, 230க்கான அடாப்டரை மட்டும் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுது. வாட் பார்த்து வாங்குங்க. முதல்ல வந்த 360க்கு 203 வாட், அப்புறம் 175, 150, ஸ்லிம்முக்கு 135. சின்ன வாட் அடாப்டர் பெரிய வாட் கன்சோல்ல நுழையாத மாதிரியே பின்னை வடிவமைச்சிருக்காங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல சில பேர் அந்தத் தடுப்பைச் சீவி விட்டு "இப்ப போகும் சார்"னு குடுப்பாங்க, வாங்காதீங்க.

ஸ்டெப் டவுன்தான் ஒரே வழின்னா கனமான, செம்புக் கம்பி சுத்தின ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க. ஏர்போர்ட்ல விக்கிற கைக்கடக்கமான டிராவல் கன்வெர்ட்டர் ஹேர் ட்ரையருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் உள்ளது. அதோட அலை வடிவம் மின்னணுச் சாமானுக்கு ஆகாது.

கேபிளையும் பாருங்க. ஜப்பான் கேபிளோட ரெண்டு பட்டைப் பின் பக்கத்துல 125 வோல்ட், 7 ஆம்பியர்னு பொறிச்சிருக்கும். கன்சோல் 240 தாங்கினாலும் அந்தக் கேபிள் 125க்குத்தான் செஞ்சது. பத்து ரூபாய் மல்டி பிளக்கை மாட்டி அதையே ஓட்டாதீங்க. பிஎஸ்5 பின்னாடி எட்டு போட்ட மாதிரி துளை இருக்கும், பழைய டேப் ரிக்கார்டருக்கு வர்ற அதே கேபிள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா ஒன்னு வாங்கி மாட்டுங்க, அசல் கேபிளைப் பெட்டியிலயே வச்சிருங்க.

துபாய் தம்பி | டிசம்பர் 7

பிஎஸ்5 பத்தி நான் சொல்றேன். 2020 நவம்பர்ல உலகம் முழுக்க வந்தது, நம்மூருக்கு 2021 பிப்ரவரி 2லதான் வந்துச்சு. அந்த இடைவெளியில இங்க துபாய்ல இருந்து போன ஃப்ளைட்ல பாதிப் பேர் மடியில பிஎஸ்5தான். இப்ப அந்த ஓட்டம் பிஎஸ்5 ப்ரோ மாடலுக்கு மாறியிருக்கு. 2024 நவம்பர் 7ல ப்ரோ வந்தப்ப இந்தியாவுக்கு இல்லன்னுட்டாங்க. காரணம் விலை இல்ல, வைஃபை. ப்ரோல வைஃபை 7 இருக்கு, அது பயன்படுத்துற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்ப இந்தியாவுல அனுமதி இல்ல. ஊர்ல மச்சான் வீட்டு ப்ரோ 5 கிகாஹெர்ட்ஸ்லயே ஜம்முனு ஓடுது.

கஸ்டம்ஸ் கணக்கு தெரியாம வராதீங்க. 2025 வரைக்கும் இருந்த 2016 பேகேஜ் விதிப்படி ஒரு ஆளுக்கு 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லாம இருந்துச்சு. அதுக்கு மேல உள்ள தொகைக்கு 38.5 சதவீதம் போட்டாங்க. 2025 கடைசியில அமெரிக்காவுல ப்ரோ 749.99 டாலர், தோராயமா 67,000 ரூபாய்னா 17,000க்கு வரி, ஆறாயிரத்து ஐந்நூறு பக்கம் வந்துச்சு. பொண்டாட்டி பேர்ல இருக்கிற சலுகையையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. பில்லை ஃபோன்ல வச்சிருங்க, பில் இல்லன்னா மதிப்பை அவங்க போடுவாங்க.

பெரம்பூர் பிளாட்டினம் | டிசம்பர் 7

பிஎஸ்ல கன்சோல் எந்த நாடுன்னு ஸ்டோர் பார்க்கிறதே இல்ல, அந்த ஜப்பான் மொழி மாடலைத் தவிர. துபாய் பிஎஸ்5ல இந்தியா அக்கவுன்ட் போட்டா ரூபாய்ல கடை திறக்கும். பெரிய கேம் அமெரிக்காவுல 69.99 டாலர்னா இங்க 4,999 ரூபாய், அதனால இந்தியா அக்கவுன்ட்டே புத்திசாலித்தனம். ஆனா அக்கவுன்ட் ஆரம்பிக்கிறப்ப போட்ட நாட்டை அப்புறம் மாத்த முடியாது. நிண்டெண்டோ மாதிரி நினைச்சு அவசரத்துல அமெரிக்கான்னு போட்டுட்டு புலம்புறவங்க இங்கயே நிறைய.

இதைவிட ஆளைக் கவுக்கிறது டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியா காசு குடுத்து இறக்குற கூடுதல் பகுதி. டிஸ்க்ல உள்ள கேம் எந்த நாட்டுப் பீஸா இருந்தாலும் ஓடும். ஆனா அமெரிக்கா டிஸ்க்கைப் போட்டு, இந்தியா ஸ்டோர்ல டிஎல்சி வாங்கினா காசு போயிரும், கேம் அதைக் கண்டுக்காது. டிஸ்க் உறையோட முதுகுல பிஎஸ்4ன்னா சியூஎஸ்ஏ, பிஎஸ்5ன்னா பிபிஎஸ்ஏன்னு ஆரம்பிக்கிற ஒரு எண் இருக்கும். டிஎல்சி வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஸ்டோர்ல உள்ள பதிப்போட எண்ணும் அதுவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

படம் பார்க்கிறவங்களுக்கு: கேம்ல இல்லாத பூட்டு டிவிடி, ப்ளூ-ரேல உயிரோட இருக்கு. ப்ளூ-ரேல அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, துபாய், லண்டன் பி, நம்ம நாடு சி. அமெரிக்கா பிஎஸ்5ல சி முத்திரை மட்டும் போட்ட டிஸ்க் ஓடாது. இப்ப யாரு டிஸ்க்ல படம் பார்க்கிறான்னு கேட்டா, எங்கப்பா பார்க்கிறார்.

மன்னை மாப்ள | டிசம்பர் 7

நல்லவேளை கேட்டேன். அத்தான் நேத்தே கடைக்குப் போயிட்டாராம், கையில எடுத்து வச்சிட்டு வீடியோ கால் பண்ணார். பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு காட்டச் சொன்னேன். கருப்பசாமி அண்ணே சொன்ன மாதிரி ஜப்பான் மொழி, உள்நாட்டுக்கு மட்டும்னுதான் போட்டிருக்காம், அவர் படிச்சுச் சொன்னார். வச்சிருங்கன்னுட்டேன். "டாக்ஸ் ஃப்ரீயா வாங்குனா இன்னும் குறையுமே"ன்னார்.

கண்ட்ரோலர் கருப்பசாமி | டிசம்பர் 7

டாக்ஸ் ஃப்ரீ சுற்றுலா வர்றவங்களுக்கு மாப்ள. அங்கயே குடியிருந்து வேலை பாக்குறவருக்கு அந்த 10 சதவீதம் கிடைக்காது.

யாழ் கட்டை | டிசம்பர் 8

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். லண்டனில இருந்து அண்ணை வரேக்க பிஎஸ்4 கொண்டுவந்து தந்தவர். கரண்ட் பிரச்சினை ஒண்டும் இல்லை, ரெண்டு இடமும் 230தான். பிளக்கும் மூண்டு சதுரக் கால் உள்ளது, இப்ப இஞ்ச புதுசாக் கட்டுற வீடுகளில அதுதான் பூட்டுறவை. எங்கட சிக்கல் வேற. பிஎஸ்என் கணக்குத் திறக்கேக்க நாட்டுப் பட்டியலில இலங்கையே இல்லை. அதால எல்லாரும் இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா எண்டு ஏதோ ஒண்டைப் போட்டு வச்சிருக்கிறம்.

2024 மே மாசம் ஹெல்டைவர்ஸ் 2 எண்ட கேமில வந்த பிரச்சினை ஞாபகம் இருக்கோ? கொம்பியூட்டரில விளையாடுறாக்களும் பிஎஸ்என் கணக்கை இணைக்க வேணும் எண்டு சோனி சொன்னது. பிஎஸ்என் இல்லாத நாடுகளில ஸ்டீம் எண்ட கொம்பியூட்டர் கேம் கடையில விற்பனையே நிண்டு போச்சு. ஆக்கள் குழம்பின குழப்பத்தில சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. உங்களுக்கு எந்த நாட்டுக் கணக்கு எண்ட கேள்வி. எங்களுக்கு எந்த நாட்டுக்காரன் எண்டு நடிக்கிறது எண்ட கேள்வி.

ஸ்கார்பரோ சிவா | டிசம்பர் 8

மேல யாழ் கட்டை சொன்னது உண்மை. நான் தலைகீழா, சென்னையில வாங்கின பிஎஸ்5ஐ டொரொன்டோவுக்குக் கொண்டு வந்தேன். இங்க 120 வோல்ட், எட்டு வடிவத் துளைக்கான கேபிளை மட்டும் இங்க வாங்கினேன், அவ்வளவுதான். இந்தியா அக்கவுன்ட் அப்படியே ஓடுது. ஆனா கனடா கார்டை அது எடுக்கிறதில்ல, ரூபாய் கிஃப்ட் கார்டை ஊர்ல இருந்து தம்பி அனுப்புறான்.

ஊருக்கு அமெரிக்கா, கனடா பீஸ் கொண்டு போறவங்க ஒன்னு கவனிங்க. வைஃபை பேரே லிஸ்ட்ல வரலன்னா கன்சோல் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க. நம்மூர் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 12, 13ஆம் சேனல்ல உக்காந்திருக்கலாம். வட அமெரிக்காவுக்குன்னு செய்யிற பல கருவிங்க 11க்கு மேல எட்டிப் பார்க்காது. ரவுட்டர் செட்டிங்ஸ்ல சேனலை 1, 6, 11ல ஒன்னா மாத்தி விடுங்க.

வாரன்டியை மட்டும் மறந்துருங்க. வாங்கின நாட்டுலதான் அது செல்லும்.

ரெட்ரோ ராஜமாணிக்கம் | டிசம்பர் 8

எல்லாரும் புதுசைப் பத்தியே பேசுறீங்க. மாப்ள, அத்தான் ஒசாகாவுல இருக்கார்னா டென்டென் டவுனுக்குப் போகச் சொல்லுங்க. நிப்பொன்பாஷி பக்கம் தெரு முழுக்கப் பழைய கேம் கடை. ஜப்பான்ல இருந்து கொண்டு வர்றதுக்கு உருப்படியான சாமான் அங்கதான் இருக்கு. கையில வச்சு ஆடுற கேம் பாய் அட்வான்ஸ் வாங்கினா ரீஜன் பூட்டும் கிடையாது, பிளக் பிரச்சனையும் கிடையாது, ரெண்டு பென்சில் பேட்டரி போதும். அதே மாதிரி கையில வச்சு ஆடுற 3டிஎஸ் மட்டும் வேண்டாம், அது நாட்டுக்கு நாடு பூட்டு.

நிண்டெண்டோவோட பழைய டிவி கன்சோல் சூப்பர் ஃபேமிகாம்னா இன்னும் ருசி. 1990 நவம்பர்ல வந்த சாமான், இன்னைக்கும் பட்டன் அமுக்கினா கடக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே வாங்கலாம். கேம் இருக்கிற கேட்ரிட்ஜ் ஜப்பான் பீஸாவே வாங்கணும். அதிரடி கேம்களா எடுங்க, மொழி தடுக்காது.

ஒரு காலத்துல நம்மூர் டிவி பால் (PAL) முறை, அதுல ஜப்பானோட என்டிஎஸ்சி (NTSC) முறை சிக்னல் கறுப்பு வெள்ளையா வரும், இல்ல படம் உருண்டுட்டே இருக்கும். இப்ப உள்ள எல்இடி டிவிங்க ரெண்டையும் எடுத்துக்கும், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு சொருகுற இடம் இருக்கணும், அவ்வளவுதான். சொல்லப்போனா ஜப்பான் பீஸ்தான் ஒழுங்கான வேகம். யூரோப் பால் பீஸ்ல 60க்குப் பதிலா 50 ஹெர்ட்ஸ், பல கேம் ஆறுல ஒரு பங்கு மெதுவா நகரும்.

மன்னை மாப்ள | டிசம்பர் 8

அண்ணே ஆசையைக் கிளப்பி விட்டுட்டீங்க. சூப்பர் ஃபேமிகாமையே சொல்லிட்டேன். அதோட அடாப்டர் 100 வோல்ட்தானே, அப்ப ஸ்டெப் டவுன் வாங்கியே ஆகணுமா?

ஷார்ட் சர்க்யூட் சண்முகம் | டிசம்பர் 8

வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட் ஸ்டெப் டவுன் பெரும்பாலும் 110 குடுக்கும், 100 குடுக்காது. அதுவும் ராத்திரி நம்ம லைன் 245க்கு ஏறினா அங்கயும் அதே விகிதத்துல ஏறும். அந்தக் கால அடாப்டர் உள்ள வெறும் ட்ரான்ஸ்ஃபார்மர், வோல்டேஜை நிலையா வைக்கிற ரெகுலேஷன் இல்ல. அதிகமா வர்ற வோல்டேஜ் எல்லாம் கன்சோல் உள்ள இருக்கிற 5 வோல்ட் ரெகுலேட்டர் தலையில சூடா இறங்கும். ஹெர்ட்ஸ் பத்திக் கவலை இல்ல, ஜப்பான்ல டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, அதனால அவங்க அடாப்டர் ரெண்டுக்கும் சேர்த்துச் செஞ்சது.

அசல் அடாப்டர் 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். நீங்க 9 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் ஒன்னு இங்கயே வாங்குங்க, 5.5/2.1 மில்லிமீட்டர் பின். ஆனா நடு முனை நெகட்டிவ். இங்க கடையில வர்றது முக்காவாசி நடு முனை பாசிட்டிவ், கண்ணுக்கு ரெண்டும் ஒன்னுபோலத்தான் இருக்கும். அடாப்டர் மேல வட்டத்துக்கு நடுவுல புள்ளி போட்ட படம் இருக்கும்ல, அந்தப் புள்ளியில இருந்து போற கோடு மைனஸ் பக்கம் போகணும். படத்தை நம்பாம மல்டிமீட்டர் வச்சு ஒரு தடவை பார்த்துட்டுச் சொருகுங்க.

ரெட்ரோ ராஜமாணிக்கம் | டிசம்பர் 8

அப்படியே அத்தான்கிட்ட ரெண்டு கண்ட்ரோலர் இருக்குதான்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க. தனியா வாங்கினா அங்கயே விலை ஜாஸ்தி.